குட்டி கான்செப்ட் காரை எடைபோடுவது எப்படி

டோக்கியோ, மியூனிக், டெல்லி என்று எங்கே கார் கண்காட்சி நடந்தாலும் ஒரு மூலையில் ஒரு குட்டி கார் நிற்கும். பின்னால் பெரிய திரையில் நகர நெரிசலுக்கு இதுதான் விடை என்று ஓடிக்கொண்டிருக்கும், நாமும் நாலு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அதற்கு அப்புறம் அந்தக் காரைப் பற்றிப் பேச்சே இருக்காது. இந்த மாதிரி கான்செப்ட் கார்களில், அதாவது ஒரு யோசனையைக் காட்டக் கம்பெனிகள் செய்யும் சோதனைக் கார்களில், எது ரோட்டுக்கு வரும், எது கிடங்கிலேயே கிடக்கும் என்பதை அங்கேயே நின்று ஓரளவு கணித்துவிடலாம். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். நேரில் போக முடியாதவர்கள் போட்டோவையும் செய்திக்குறிப்பையும் வைத்தே இதில் பாதிக்கு மேல் செய்யலாம்.

முதலில் காரைப் பார்க்காதீர்கள், அது எந்த வாகன வகையில் பதிவாகும் என்று பாருங்கள். இதை யாருமே செய்வதில்லை, ஆனால் ஒரு குட்டி காரின் ஜாதகமே இதில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் முழுக் காரைவிட லேசான நாலு சக்கர வண்டிகளுக்குக் குவாட்ரிசைக்கிள் என்று ஒரு வகை உண்டு, அதிலும் இரண்டு பிரிவு. லேசான பிரிவு எல்6ஈ: பேட்டரி இல்லாமல் 425 கிலோ, வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். கனமான பிரிவு எல்7ஈ: பயணிகள் வண்டிக்குப் பேட்டரி இல்லாமல் 450 கிலோ, மோட்டார் 15 கிலோவாட் வரை. இந்த எல்லைக்குள் வந்தால் முழுக் காருக்கு உள்ள மோதல் சோதனைகள் கட்டாயம் இல்லை, ஒரு கிலோ கூடினாலும் முழுக் காரின் விதிகள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும், காரும் கனமாகும், விலையும் ஏறும். சிட்ரோயன் ஆமி என்ற குட்டி மின்சார வண்டி 45 கிலோமீட்டர் வேகத்தோடு நிறுத்திக்கொண்டது இதனால்தான். பிரான்ஸில் 14 வயதுப் பிள்ளைகள்கூட அதை ஓட்டலாம், அந்த வகைக்குத் தனி உரிமம் எடுத்திருந்தால் போதும்.

ஜப்பானில் கதை வேறு. அங்கே கேய் என்ற வகை: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி, வரியும் குறைவு. டோக்கியோ கண்காட்சியில் ஒரு குட்டி கார் சரியாக இந்த அளவுக்குள் நின்றால் அதை நம்பலாம், ஏனென்றால் வாங்க ஆள் ஏற்கனவே வரிசையில் நிற்கிறார்கள். நிசான் 2019இல் ஐஎம்கே என்று ஒரு சோதனைக் காரைக் காட்டியது, பார்க்க விண்வெளிப் படத்தில் வருவது போல இருந்தாலும் அளவு கேய் அளவு. 2022இல் அதுவே சகுரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சுசூகி ஹஸ்லர் இன்னும் வேகம், 2013 கடைசியில் டோக்கியோவில் காட்டினார்கள், 2014 தொடக்கத்திலேயே கடையில் இருந்தது. அந்த மாதிரி கார்களைக் கான்செப்ட் என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான்.

நம் ஊர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வரி விஷயத்தில் முக்கியமான கோடு 4 மீட்டர். அதற்குக் கீழே 3.9 மீட்டர் இருந்தாலும் சரி, 2.7 மீட்டர் இருந்தாலும் சரி, நீளத்துக்காகக் கூடுதல் சலுகை கிடையாது. அப்படி இருக்கும்போது எந்தக் கம்பெனி மெனக்கெட்டு 2.7 மீட்டரில் கார் செய்யும்? பஜாஜ் 2012 ஜனவரியில் டெல்லியில் ஆர்ஈ60 என்று ஒரு நாலு சக்கர வண்டியைக் காட்டியது, பின்னால் சுமார் 200 சிசி எஞ்சின், நீளம் சுமார் 2.75 மீட்டர். அதற்கு எந்த வகையில் அனுமதி கொடுப்பது என்பதே பெரிய வழக்காகி, இந்தியாவில் குவாட்ரிசைக்கிளைச் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்யலாம் என்ற விதி 2018இல்தான் வந்தது. க்யூட் என்ற பெயரில் வண்டி தனியாருக்குக் கிடைக்க 2019 ஆகிவிட்டது. வண்டி தயார், விதி தயாராக இல்லை. ஆகவே இந்தியக் கண்காட்சியில் குட்டி கார் பார்த்தால் ஸ்டாலில் நிற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எந்தக் கேட்டகரியில ரிஜிஸ்டர் ஆகும்?" என்பதுதான். பதில் சொல்லத் திணறினால் மற்றதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

அடுத்தது அந்தக் காரின் வித்தை. ஒவ்வொரு நகர கான்செப்ட்டிலும் ஒரு வித்தை இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் ஒரே ஒரு கேள்வி: இந்த வித்தை காரோடு எதையாவது சேர்க்கிறதா, காரிலிருந்து எதையாவது கழிக்கிறதா? என் கணக்கில் கழித்த கார் தேறும், சேர்த்த கார் பெரும்பாலும் தேறாது.

சேர்த்த கார்களின் வரிசை நீளமானது. ரெனோ 1992இல் ஸூம் என்று ஒன்றைக் காட்டியது, மாத்ரா கம்பெனியோடு சேர்ந்து செய்தது. நிறுத்தும்போது பின்சக்கரங்கள் முன்னால் மடிந்துகொள்ளும், 2.65 மீட்டர் கார் 1.85 மீட்டராகிவிடும். பார்க்க அற்புதம், வரவில்லை. நிசான் 2005இல் பிவோ என்று ஒன்று, உட்காரும் கூண்டு அப்படியே முழு வட்டம் சுற்றும், ரிவர்ஸ் கியரே வேண்டாம். அதன் அடுத்த வடிவத்தில் சக்கரங்கள் தொண்ணூறு டிகிரி திரும்பி நண்டு போலப் பக்கவாட்டில் போகும், டேஷ்போர்டில் ஒரு குட்டி ரோபோ தலை ஓட்டுநரோடு பேச்சுக் கொடுக்கும். வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2010 ஷாங்காய் எக்ஸ்போவில், இரண்டு சக்கர மின்வண்டி செய்யும் செக்வே கம்பெனியோடு சேர்ந்து காட்டிய ஈஎன்-வி இரண்டே சக்கரத்தில் தானாகச் சமநிலை பிடித்து நிற்கும், நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். அதுவும் வரவில்லை. டாடா 2011இல் ஜெனீவாவில் காட்டிய பிக்ஸலில் உள்பக்கப் பின்சக்கரம் பின்னோக்கியும் வெளிப்பக்கச் சக்கரம் முன்னோக்கியும் சுழன்று, 2.6 மீட்டர் ஆரத்தில் வண்டி திரும்பும் என்றார்கள். எனக்கு அந்தக் கார் ரொம்பப் பிடிக்கும், நம் ஊர் சந்துகளுக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை.

ஏன் இப்படி என்றால், நகரும் பாகம் ஒவ்வொன்றும் எடை, விலை, ரிப்பேர் மூன்றையும் கூட்டும். மடியும் காரில் மடிப்பு இருக்கும் இடம்தான் மோதலில் முதலில் உடையும் இடம், அதைப் பலப்படுத்த இரும்பு வைத்தால் மிச்சப்படுத்திய எடை போய்விடும். இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் வில்லியம் மிட்செல் குழு வடிவமைத்த சிட்டிகார். இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் கார், நிறுத்தும்போது மடிந்து சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டராகும், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம். ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக் கம்பெனிகள் சேர்ந்து ஹிரிகோ என்ற பெயரில் அதை எடுத்துக்கொண்டன, 2012 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோசோ முன்னிலையில் வெளியிட்டார்கள். அப்புறம் உற்பத்தியே நடக்காமல் திட்டம் படுத்துவிட்டது, அரசுப் பணம் எங்கே போனது என்று விசாரணை வரை போனது.

சக்கரத்துக்குள் மோட்டார் வைப்பதைப் பற்றி ஒரு வரி. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடினால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த அடி உள்ளே இருப்பவர் முதுகுக்கு வரும், மோட்டாரும் அந்த அடியை நேரடியாக வாங்கும், மழைத் தண்ணீரில் முங்கும். மழைக்காலத்தில் நம் ஊர் சாலையில் வண்டி ஓட்டிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது கழித்த கார்களைப் பாருங்கள். ஆமியின் கதவுதான் எனக்குத் தெரிந்து இதில் பாடம் மாதிரி. இடது கதவும் வலது கதவும் ஒரே பொருள், ஒரே அச்சில் வார்த்தது. ஒன்றைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அதனால் ஓட்டுநர் பக்கக் கதவு பின்கீலில் தொங்கும், மற்றது வழக்கம்போல முன்கீலில். பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டும் எதிரெதிர் திசையில் திறப்பது வேடிக்கையாக இருக்கும், ஆனால் கம்பெனிக்கு ஒரு அச்சுச் செலவு மிச்சம். முன் பம்பரும் பின் பம்பரும் ஒரே துண்டு. கண்ணாடி ஏறி இறங்க மோட்டார் இல்லை, கீழ்ப்பாதியைக் கையால் மேலே மடக்கிவிட வேண்டும், பழைய சிட்ரோயன் 2சிவி காரில் இருந்தது போல. டிக்கி இல்லை, ஏசி இல்லை. கான்செப்ட்டாக 2019 ஜெனீவாவில் வந்தது, அடுத்த ஆண்டே விற்பனை, மொராக்கோவில் உற்பத்தி, ஆரம்ப விலை பிரான்ஸில் அரசு மானியம் போக சுமார் 6,000 யூரோ. அந்த ஒரே மாதிரிக் கதவு கான்செப்ட்டிலேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள். பணத்தை மிச்சம் பண்ணும் யோசனையைத் தொழிற்சாலைக்காரர்கள் வெட்ட மாட்டார்கள். பணத்தைத் தின்னும் யோசனைதான் முதலில் வெட்டுப்படும்.

ரெனோ ட்விஸி இன்னொன்று. 2009இல் கான்செப்ட், 2012இல் விற்பனை. பக்கக் கண்ணாடியே கிடையாது, கதவுகூடக் காசு கொடுத்தால்தான். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார வேண்டும். பின்னால் உட்காருபவர் கால்களை அகட்டி ஓட்டுநர் இருக்கைக்கு இரு பக்கமும் நீட்டிக்கொள்ள வேண்டும், ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும் அதே தோரணை, கூரை மட்டும் உண்டு. அதனால்தான் அகலத்தை 1.24 மீட்டருக்குள் அடக்க முடிந்தது. மழை அடித்தால் நனைவார்கள்தான். ஆனாலும் பத்து ஆண்டுக்கு மேல் விற்றார்கள்.

அகலம் என்றதும் சொல்ல வேண்டும். எல்லாரும் நீளத்தை மட்டும் பார்ப்பார்கள், நீளம் பார்க்கிங்குக்குத்தான் உதவும். நெரிசலில் நகர உதவுவது அகலம். 1998இல் வந்த, ஸ்மார்ட் என்ற கம்பெனியின் முதல் காரின் நீளம் 2.5 மீட்டர், ரோட்டோரத்தில் குறுக்காக நிறுத்தலாம் என்று பிரபலமானது, ஆனால் அகலம் 1.5 மீட்டர், அதனால் ட்ராஃபிக்கில் அது மற்ற கார்களைப் போலத்தான் நிற்கும். பந்தயக் கார் வடிவமைப்பாளர் கார்டன் முர்ரே 2010இல் காட்டிய டி.25 இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனம்: நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.3 மீட்டர், மூன்று இருக்கை, நடுவில் ஓட்டுநர், சாதாரணக் கார் ஒன்று நிற்கும் இடத்தில் மூன்றைக் குறுக்காக நிறுத்தலாம். அதற்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கதவு. பக்கக் கதவே இல்லாமல் முன்பக்கக் கூண்டு மொத்தமும் தூக்கித் திறக்கும். இதுவும் ஒரு கழித்தல்தானே என்று வாதாடலாம், நியாயம்தான், ஆனால் அந்தக் காருக்கு வித்தையைவிடப் பெரிய குறை, வாங்கித் தயாரிக்க ஒரு கார் கம்பெனி கிடைக்காதது.

அதனால் மூன்றாவது வேலை: தொழிற்சாலை எங்கே என்று தேடுங்கள். செய்திக்குறிப்பில் "எதிர்கால நகர்வுக்கான பார்வை" என்ற மாதிரி வாக்கியம் இருந்து, ஊர் பெயர், ஆண்டு, விலை மூன்றும் இல்லையென்றால் அது டிசைன் துறையின் விளம்பரம். ட்விஸிக்கு ஸ்பெயினின் வயடோலிட் ஆலை இருந்தது, ஆமிக்கு மொராக்கோவின் கெனித்ரா. பெரிய கம்பெனியாக இருந்தாலும் சில நேரம் நடுவில் நின்றுவிடும். டொயோட்டா ஐ-ரோட் என்று சாய்ந்து திரும்பும் மூன்று சக்கர மின்வண்டியை 2013இல் காட்டி, ஜப்பானிலும் பிரான்ஸின் கிரெனோபிளிலும் வாடகை முறையில் மக்களிடம் ஓட்டக் கொடுத்தே பார்த்தார்கள். அகலம் 87 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு பைக். ரோட்டில் ஓடியும் பொது விற்பனைக்கு வரவில்லை.

இனி காரை நேரில் பாருங்கள், சின்னச் சின்ன விஷயங்கள். வைப்பர் இருக்கிறதா? கான்செப்ட்டுகளில் முதலில் காணாமல் போவது வைப்பர்தான், அழகைக் கெடுக்கிறது என்று எடுத்துவிடுவார்கள். நம்பர் பிளேட் வைக்க இடம் விட்டிருக்கிறார்களா? கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளிக் கோடு உண்மையாக இருக்கிறதா, கீறி வரைந்ததா? கண்ணாடி கறுப்பாக இருந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். டயர் உடம்புக்கு மீறிப் பெரிதாக இருந்தால் அதுவும் மேடைக்காகத்தான், குட்டி காரில் பெரிய சக்கரம் வைத்தால் திரும்பும்போது சக்கரம் மடங்க இடமே இருக்காது. சீட் பெல்ட் எங்கே பொருத்தியிருக்கிறது என்று தேடுங்கள், தேடியும் கிடைக்கவில்லையென்றால் புரிந்துகொள்ளுங்கள். பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமரா வைத்திருந்தால் முன்பெல்லாம் சந்தேகப்படலாம், இப்போது அப்படிச் சொல்ல முடியாது. ஹோண்டா 2017இல் காட்டிய அர்பன் ஈவி கான்செப்ட் ஹோண்டா ஈ என்று விற்பனைக்கு வந்தபோது கேமரா அப்படியே வந்தது, இரண்டு கதவுதான் நான்கானது.

மோதல் பாதுகாப்பை முகத்துக்கு நேரே கேளுங்கள். குவாட்ரிசைக்கிள் வகைக்கு முழுச் சோதனை கட்டாயம் இல்லை என்றேன் அல்லவா, அதன் மறுபக்கம் இது. ஐரோப்பாவில் கார்களை மோதிப் பார்த்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2014இல் ட்விஸி உட்பட நான்கு குவாட்ரிசைக்கிள்களை மோதிப் பார்த்து, முடிவு கவலை தருவதாகத்தான் சொன்னது. ட்விஸியில் ஏர்பேக்காவது இருந்தது, ஓட்டுநருக்குக் கூடுதல் தோள்பட்டை பெல்ட் இருந்தது. ஆகவே "பாதுகாப்பான கூண்டு" என்று சொன்னால் ஏர்பேக் எத்தனை, எந்தச் சோதனை என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

அப்புறம் பேட்டரி கணக்கு. இதற்கு மொபைலில் உள்ள கால்குலேட்டர் போதும். கிலோவாட்-அவர் என்று போட்டிருப்பது நம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். யூனிட்டை கிலோமீட்டரால் வகுங்கள். ஆமி 5.5 யூனிட்டில் 75 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 0.073. அது இரண்டு பேர் போகும் 45 கிலோமீட்டர் வேக வண்டி. சகுரா 20 யூனிட்டில் 180 கிலோமீட்டர், 0.11. ஹோண்டா ஈ 35.5 யூனிட்டில் சுமார் 220, அதாவது 0.16. நாலு பேர் உட்காரும், நெடுஞ்சாலையில் ஓடும் கான்செப்ட் ஒன்று 0.06 என்றால், எந்தச் சோதனை முறையில் எடுத்த எண் என்று கேட்டே ஆக வேண்டும். இந்தியச் சோதனை முறை தாராளமானது. எம்ஜி காமெட்டுக்கு 17.3 யூனிட், 230 கிலோமீட்டர் என்பது அறிவிக்கப்பட்ட எண், வகுத்தால் 0.075, நாலு பேர் காருக்கு ஆமியின் கணக்கு வருகிறது. பொய் என்று சொல்லவில்லை, சோதனை நடக்கும் சூழல் வேறு, நம் ரோடு வேறு.

ஏசியைத் தனியாகக் கூட்ட வேண்டும், இதை ஐரோப்பியக் கம்பெனிகள் பேசவே பேசாது. ஏசி ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர்தான் போகிறீர்கள் என்றால் கிலோமீட்டருக்கு 0.05 யூனிட் ஏசிக்கே போகும். ஆமி அளவு பேட்டரியில் ஒரு மணி நேர ஏசி என்பது பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதோடு நகர கான்செப்ட் என்றாலே கூரை வரை கண்ணாடி வைத்துவிடுவார்கள், குமிழி மாதிரி, போட்டோவில் பிரமாதமாக இருக்கும். மே மாதம் மதியம் அண்ணா சாலை சிக்னலில் அதற்குள் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பார்த்துவிட்டு அப்புறம் பாராட்டுங்கள்.

உட்கார அனுமதி கிடைத்தால் உடனே ஸ்டீயரிங்கைப் பிடித்து போட்டோ எடுக்காமல் இறங்கிப் பாருங்கள். ஏறுவது எல்லாருக்கும் வரும். பக்கத்துக் கார் ஒரு முழம் தள்ளி நின்றால் கதவு எவ்வளவு திறக்கும், அந்த இடைவெளியில் அம்மாவோ அப்பாவோ இறங்க முடியுமா என்று யோசியுங்கள். முன்பக்கம் திறக்கும் கதவு என்றால், முன்னால் ஒரு வண்டி ஒட்டி நின்றாலோ முன்பக்கம் நசுங்கினாலோ வெளியே வர வேறு வழி என்ன என்று ஸ்டால்காரரைக் கேளுங்கள். காய்கறிப் பையும் ஒரு தண்ணீர் கேனும் வைக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக விலை. மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறிய கார்கூட இதில் விழலாம். ஹோண்டா ஈ பிரிட்டனில் 26,000 பவுண்டுக்கு மேல் விற்றது, அந்த விலை வட்டாரத்திலேயே ரெனோ ஸோயி என்ற மின்சாரக் கார் 52 யூனிட் பேட்டரியோடு கிடைத்தது, பெரிய காரும்கூட. ஊரே அழகு என்று கொண்டாடிய ஹோண்டா ஈ 2024 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. டாடா நானோ நேர்மாறு, விலைதான் அதன் பெருமையே. 2008இல் ஒரு லட்சம் என்று அறிவித்து நாடே பேசியது, பிறகு அந்த மலிவே வாங்குகிறவர்களைக் கூச வைத்தது, பத்து ஆண்டில் முடிந்தது. அதனால் விலை சொல்லியிருந்தால் அதே பணத்துக்கு ஷோரூமில் இன்று என்ன கார் கிடைக்கிறது என்று அங்கேயே மொபைலில் தேடிப் பாருங்கள். சொல்லவில்லையென்றால் பேட்டரி அளவைக் குறித்துக்கொண்டு, அதே அளவு பேட்டரி உள்ள கார் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தால் அதைவிட ரொம்பக் கீழே வராது என்று எடுத்துக்கொள்ளலாம்.